பைதான் ஜிப்ஆப்: கடைக் கணினிக்கு ஒரே கோப்பாக நிரல் அனுப்ப ஏற்றதா?

பாளையங்கோட்டையில் உட்கார்ந்து பில் போடும் நிரலை எழுதி முடிப்பது பாதி வேலைதான். அதை அம்பாசமுத்திரத்திலோ கடையத்திலோ ஒரு கடைக் கல்லாவில் இருக்கும் பழைய கணினியில் ஓட வைப்பது மீதிப் பாதி. ஐந்தாறு பைதான் கோப்பு, ஒரு விலைப்பட்டியல், வெளியிலிருந்து எடுத்த இரண்டு பேக்கேஜ் (பிறர் எழுதிய நிரல் தொகுப்பு). இவற்றை ஒவ்வொன்றாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒன்று விட்டுப்போகும், அல்லது பழைய கோப்பும் புதிய கோப்பும் கலந்துவிடும். மொத்தத்தையும் ஒரே கோப்பாகக் கட்டி, அதை டபுள் கிளிக் செய்தால் ஓடும்படி கொடுப்பதற்குப் பைதானோடு சேர்ந்தே வரும் கருவிதான் ஜிப்ஆப்.

விலை ஒன்றும் கிடையாது, தனியாக நிறுவவும் வேண்டாம். 2015-இல் வந்த பைதான் 3.5 முதல் இது கூடவே இருக்கிறது. ஜிப் கோப்புக்குள்ளிருந்து மாட்யூலை, அதாவது ஒரு பைதான் கோப்பை, இம்போர்ட் செய்யும் (நிரலுக்குள் எடுத்துக்கொள்ளும்) வசதி 2.3-இலேயே வந்துவிட்டது. ஜிப்பையே நேரடியாக ஓட்டும் வசதி 2.6-இல் வந்தது. ஜிப்ஆப் செய்வதெல்லாம், அந்த ஜிப்பை ஒழுங்காகக் கட்டி, வேண்டுமானால் தலையில் எந்தப் பைதானால் ஓட வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பதுதான். ஜிப்பின் பொருளடக்கம் கோப்பின் வால்பகுதியில் இருப்பதால், தலையில் ஒரு வரி கூடினாலும் உள்ளே இருப்பதற்குச் சேதம் வராது.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நிரல் முழுவதும் தூய பைதானாக இருந்தால், இந்தப் பக்கத்துக் கடைகளுக்கு இதைவிட எளிய வழி இல்லை. நிரல் கோப்பு சிறியதாகவே இருக்கும், மாற்றம் வந்தால் அந்த ஒரு கோப்பை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் சி மொழியில் எழுதிய பகுதி ஒன்றே ஒன்று உள்ளே வந்தாலும் இது கைவிட்டுவிடும். தமிழில் பில் அச்சடிக்க நினைக்கிறவர்கள் கண்டிப்பாக அந்தச் சுவரில் போய் மோதுவார்கள். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

இன்னொன்றையும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஜிப்ஆப் எதையும் தேடிச் சேர்க்காது. உங்கள் நிரல் எதையெல்லாம் இம்போர்ட் செய்கிறது என்று அது ஒரு வரி கூடப் படித்துப் பார்க்காது. காட்டிய ஃபோல்டரில் இருப்பதை இருக்கிறபடியே மூட்டை கட்டும். 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று வரும் எரர்களில் பெரும்பகுதி இதை மறந்ததால் வருவதுதான்.

கட்டளைகளை, தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஒலிப்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எந்த ஃபோல்டரைக் கட்டுவது?

முதலும் பெரிதுமான தவறு இங்கேதான். 'கட்டு' என்று ஒரு வெளி ஃபோல்டர், அதற்குள் 'கடை' என்ற பேக்கேஜ் ஃபோல்டர், கடைக்குள் பில், விலை என்று இரண்டு கோப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுதும்போது கட்டு ஃபோல்டரில் நின்றுகொண்டு 'பைதான் ஹைபன் எம் கடை டாட் பில்' என்று ஓட்டிப் பார்க்கிறோம், ஓடுகிறது. கட்டுகிற நேரத்தில் கை தானாக 'பைதான் ஹைபன் எம் ஜிப்ஆப் கடை, ஹைபன் எம் கடை டாட் பில் கோலன் மெயின்' என்று தட்டிவிடுகிறது. கட்டும்போது எரர் எதுவும் வராது. ஓட்டினால் மட்டும் 'நோ மாட்யூல் நேம்ட் கடை' என்று நிற்கும்.

காரணம் எளிது. கொடுத்த ஃபோல்டரின் உள்ளிருப்பு மட்டும்தான் ஜிப்பின் வேருக்குப் போகும், அந்த ஃபோல்டரின் பெயர் போகாது. அல்வாவை டப்பாவோடு பார்சல் கட்டச் சொன்னால், டப்பாவை விட்டுவிட்டு அல்வாவை மட்டும் இலையில் மடித்துக் கொடுத்த மாதிரி. பெயர் அச்சடித்திருந்தது டப்பாவின் மேல். இப்போது வேரில் பில், விலை இரண்டும் அநாதையாகக் கிடக்கும். 'கடை' என்ற பெயர் மூட்டைக்குள் எங்கேயும் இருக்காது.

ஆகவே கட்ட வேண்டியது வெளி ஃபோல்டரை: 'பைதான் ஹைபன் எம் ஜிப்ஆப் கட்டு, ஹைபன் ஓ பில் டாட் பிஒய்இசட், ஹைபன் எம் கடை டாட் பில் கோலன் மெயின்'. ஹைபன் ஓவுக்குப் பின் வருவது உருவாகும் மூட்டையின் பெயர். இரண்டாவதாக வரும் ஹைபன் எம்முக்குப் பொருள் வேறு. 'கடை பேக்கேஜில் பில் மாட்யூலில் மெயின் என்ற ஃபங்ஷனிலிருந்து தொடங்கு' என்று சொல்கிறது.

கட்டியதும் அடுத்த நொடியே செய்ய வேண்டியது, மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே எட்டிப்பார்ப்பது: 'பைதான் ஹைபன் எம் ஜிப்ஃபைல் ஹைபன் எல் பில் டாட் பிஒய்இசட்'. வரும் பட்டியலில் வரிகள் 'கடை சாய்கோடு பில்' என்று ஆரம்பித்தால் சரி. வெறும் 'பில்' என்று ஆரம்பித்தால் தவறான ஃபோல்டரைக் கட்டியிருக்கிறீர்கள். இந்த ஒரு கட்டளையைப் பழக்கமாக்கிக்கொண்டால் மணிக்கணக்கான தேடல் மிச்சம். வேறு எந்தப் படியை விட்டாலும் இதை விடாதீர்கள்.

ஒவ்வொரு பேக்கேஜ் ஃபோல்டரிலும் இரட்டை அடிக்கோடுகளுக்கு நடுவே இனிட் என்ற பெயருள்ள கோப்பை, காலியாக இருந்தாலும் சரி, போட்டுவிடுங்கள். இனிட் இல்லாத ஃபோல்டரையும் பைதான் 3 பேக்கேஜாக ஏற்கும் என்பது உண்மை. ஆனால் ஜிப்புக்குள் அது நடக்க, ஃபோல்டருக்கென்று தனிப் பதிவு ஜிப்பில் இருக்க வேண்டியிருந்தது. ஜிப்ஆப் அந்தப் பதிவைப் போடும். வேறு ஜிப் கருவியில் கட்டினால் சிலவற்றில் அது விட்டுப்போகும். காலிக் கோப்பு ஒன்று அந்தத் தொல்லையையே இல்லாமல் செய்துவிடும்.

அப்படி வேறு கருவியில் கட்டுகிறவர்கள் அமுக்கும் முறையையும் கவனிக்க வேண்டும். ஜிப்புக்குள்ளிருந்து இம்போர்ட் செய்யும் பைதானுக்கு அமுக்காத முறையும் டிஃப்ளேட் முறையும் மட்டும்தான் தெரியும். எல்இசட்எம்ஏ முறையில் அமுக்கினால் படிக்காது.

மெயின் கோப்பில் மூன்று சிக்கல்

ஜிப்பின் வேரில் இரட்டை அடிக்கோடுகளுக்கு நடுவே மெயின் என்ற பெயருள்ள கோப்பு இருந்தாக வேண்டும். பைதான் ஓட்டுவது அதைத்தான். நீங்களே எழுதி வைக்கலாம், அல்லது மேலே சொன்ன ஹைபன் எம் கொடுத்தால் ஜிப்ஆப் உருவாக்கிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் கட்டவே மறுத்துவிடும். இரண்டும் இல்லையென்றால், 'ஆர்க்கைவுக்கு நுழைவாயில் இல்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிடும். இது கட்டும்போதே தெரிந்துவிடுவதால் கவலையில்லை. கவலை தருபவை ஓட்டும்போது வருகிறவை.

ஒன்று, மெயின் கோப்பில் புள்ளி வைத்து இம்போர்ட் எழுதுவது. 'ஃப்ரம் டாட் விலை இம்போர்ட்' என்று எழுதினால் 'நோ நோன் பேரன்ட் பேக்கேஜ்' என்று முடியும் எரர் வரும். வேரில் இருக்கும் மெயினுக்குத் தாய்ப் பேக்கேஜ் கிடையாது. புள்ளி எதைக் குறிக்கிறது என்று பைதானுக்குத் தெரியாது. மெயினில் 'ஃப்ரம் கடை டாட் பில் இம்போர்ட் மெயின்' என்று முழுப் பெயரோடு எழுத வேண்டும். கடை பேக்கேஜுக்குள் இருக்கும் கோப்புகள் தங்களுக்குள் புள்ளி வைத்துக்கொள்வதில் தடையில்லை.

இரண்டு, எரரே வராமல் சும்மா முடிந்துபோவது. மெயினில் 'இம்போர்ட் கடை டாட் பில்' என்று மட்டும் எழுதிவிட்டு, பில் கோப்பின் அடியில் 'இஃப் நேம் ஈக்வல்ஸ் மெயின்' என்ற வரியை நம்பியிருந்தால் எதுவுமே நடக்காது. இம்போர்ட் ஆகும்போது பில் கோப்பின் பெயர் 'கடை டாட் பில்'. அந்த நிபந்தனை ஒருநாளும் உண்மையாகாது. கடையில் டபுள் கிளிக் செய்த அண்ணாச்சிக்குக் கறுப்பு சன்னல் மின்னி மறைவது மட்டும்தான் தெரியும். மெயினிலிருந்து ஃபங்ஷனை நேரடியாக அழைக்க வேண்டும்.

மூன்றாவது, பலர் கவனிக்காதது. ஹைபன் எம் மூலம் தானாக உருவாகும் மெயின் உங்கள் ஃபங்ஷனை அழைக்கும், அது திருப்பித் தரும் மதிப்பைக் கீழே போட்டுவிடும். இரவில் கணக்கு முடிக்கும் நிரலைப் பேட்ச் கோப்பிலிருந்து (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) ஓட்டி, தோற்றால் மறுபடி ஓட்டு என்று எழுதியிருந்தால், ஃபங்ஷன் 1 திருப்பினாலும் வெளியே வருவது 0. தோற்றது தெரியாமலே போய்விடும். ஆகவே மெயினைக் கையால் எழுதுவதையே சிபாரிசு செய்கிறோம். மூன்றே வரி: இம்போர்ட் சிஸ், ஃப்ரம் கடை டாட் பில் இம்போர்ட் மெயின், சிஸ் டாட் எக்ஸிட், அடைப்புக்குறிக்குள் மெயின் அழைப்பு.

உங்கள் கணினியில் ஓடியதை நம்பாதீர்கள்

கட்டிய கோப்பை எழுதிய கணினியிலேயே சோதித்தால் அது எப்போதும் ஓடும். எக்ஸெல் கோப்பைக் கையாளும் ஓப்பன்பைஎக்ஸ்எல் பேக்கேஜ் மூட்டைக்குள் இல்லாவிட்டாலும், நிறுவிய பேக்கேஜ்கள் இருக்கும் உங்கள் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரில் அது இருக்கிறதே, பைதான் அங்கேயிருந்து எடுத்துக்கொள்ளும். கல்லிடைக்குறிச்சி அப்பளக் கடைக் கணினியில் எடுத்துக்கொள்ள ஏதும் இருக்காது.

இதைப் பிடிக்கப் புதுக் கணினி தேவையில்லை. 'பைதான் ஹைபன் பெரிய ஐ, ஹைபன் பெரிய எஸ், பில் டாட் பிஒய்இசட்' என்று ஓட்டுங்கள். பெரிய எஸ் சைட்-பேக்கேஜஸை மறைக்கும். பெரிய ஐ, பைதான்பாத் போன்ற சூழல் அமைப்புகளையும் மறைக்கும். மூட்டை மட்டும் மாட்யூல் தேடும் பாதையில் முதலிடத்தில் நிற்கும். இப்போது ஓடினால் கடையிலும் மாட்யூல் பற்றாக்குறை வராது. நிரலின் ஒவ்வொரு மெனுவையும் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். ஃபங்ஷனுக்குள் ஒளிந்திருக்கும் இம்போர்ட் அந்த ஃபங்ஷன் ஓடும்போதுதான் வெடிக்கும். எந்த மாட்யூல் எங்கிருந்து வருகிறது என்று சந்தேகம் வந்தால் ஹைபன் சின்ன வி சேர்த்து ஓட்டினால் வரிவரியாகக் கொட்டும். அதில் உங்கள் பேக்கேஜ் பெயரை மட்டும் தேடுங்கள்.

வெளிப் பேக்கேஜ்களை மூட்டைக்குள் கொண்டுவரும் வழி, பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் பிப் கருவி: 'பைதான் ஹைபன் எம் பிப் இன்ஸ்டால், ஹைபன் ஹைபன் டார்கெட் கட்டு, பேக்கேஜ் பெயர்'. அதே ஃபோல்டரில் இரண்டாம் முறை செய்தால், ஏற்கெனவே இருப்பதாக எச்சரித்துவிட்டுப் பழையதையே விட்டுவிடும். ஒவ்வொரு முறையும் கட்டு ஃபோல்டரை அழித்துப் புதிதாக நிரப்புவதே சுத்தம். இதை நாலு வரிப் பேட்ச் கோப்பாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: அழி, உங்கள் பேக்கேஜையும் மெயினையும் பிரதியெடு, பிப், ஜிப்ஆப். உருவாகும் பிஒய்இசட் கோப்பைக் கட்டு ஃபோல்டருக்கு வெளியே போடுங்கள். உள்ளே போட்டால் அடுத்த முறை கட்டும்போது பழைய மூட்டையும் சேர்ந்து உள்ளே போகலாம்.

பிப் கூடவே வைக்கும், டிஸ்ட்-இன்ஃபோ என்று முடியும் ஃபோல்டர்களைச் சிலர் அளவைக் குறைக்க அழிப்பார்கள். பெரும்பாலும் ஓடும். ஆனால் சில பேக்கேஜ்கள் தங்கள் பதிப்பு எண்ணை அங்கேயிருந்துதான் படிக்கும். அவை 'பேக்கேஜ் நாட் ஃபவுண்ட்' என்று இம்போர்ட் ஆகும்போதே விழுந்துவிடும். சில கேபிக்காக இந்த வம்பு வேண்டாம். தாராளமாக அழிக்கலாம் என்றால், பைதான் வேகத்துக்காக முன்கூட்டியே மாற்றிய கோப்புகளைச் சேர்த்து வைக்கும் பைகேஷ் ஃபோல்டர்களை அழியுங்கள். ஜிப்புக்குள் பைதான் அவற்றை எட்டிக்கூடப் பார்க்காது. தொடங்கும் வேகம் வேண்டுமென்றால் 'பைதான் ஹைபன் எம் கம்பைல்ஆல் ஹைபன் பி கட்டு' என்று ஓட்டி, அப்படி முன்கூட்டியே மாற்றிய கோப்புகளை மூலக் கோப்பின் பக்கத்திலேயே வைத்துக் கட்ட வேண்டும். கடையில் வேறு பைதான் பதிப்பு இருந்தால் அவை பயன்படாது. மூலமும் கூட இருப்பதால் நிரல் ஓடிவிடும்.

பெயர் மோதலையும் சொல்லியாக வேண்டும். வேரில் 'சிஎஸ்வி', 'கேலண்டர்', 'ரேண்டம்' என்ற பெயரில் உங்கள் கோப்பு இருந்தால், பைதானின் சொந்த மாட்யூல் மறைந்துவிடும். எரர் உங்கள் கோப்பைச் சுட்டாமல் எங்கோ ஒரு பேக்கேஜின் நடுவில் 'பார்ஷியலி இனிஷியலைஸ்டு' என்று வந்து தலையைச் சுற்ற வைக்கும். பேக்கேஜுக்குள் வைத்தால் இந்த மோதல் இல்லை. வேரில் மெயினைத் தவிர உங்கள் கோப்பு எதுவும் இருக்கக்கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது.

விலைப்பட்டியலும் ஒரு புள்ளியும்

மாட்யூல் எல்லாம் கிடைத்த பிறகு அடுத்து விழுவது தரவுக் கோப்பு. நிரலின் ஃபைல் மாறியை வைத்துப் பாதை அமைத்து ஓப்பன் செய்தால், அந்தப் பாதை 'பில் டாட் பிஒய்இசட், கடை, விலை டாட் சிஎஸ்வி' என்று ஜிப்புக்குள்ளே போகும். விண்டோஸுக்கு அப்படி ஒரு ஃபோல்டர் தெரியாது, கோப்பு இல்லை என்று சொல்லும். லினக்ஸில் 'நாட் எ டைரக்டரி' என்று வரும்.

உள்ளேயே இருக்க வேண்டிய கோப்புக்கு, அதாவது பில்லின் அச்சு வார்ப்புரு, ஊர்ப் பெயர்ப் பட்டியல் போன்றவற்றுக்கு, இரண்டு வழி உண்டு. புதிய பைதானில் இம்போர்ட்லிப் ரிசோர்சஸின் ஃபைல்ஸ் ஃபங்ஷன். அது 3.9 முதல்தான் இருக்கிறது. நெல்லைச் சீமையின் கல்லாக்களில் இன்னும் விண்டோஸ் 7 கணினிகள் ஓடுகின்றன. அவற்றில் ஏறும் கடைசிப் பைதான் 3.8. அங்கே ஃபைல்ஸ் என்று எழுதியிருந்தால் அந்த வரியிலேயே விழும். பிகேஜியூட்டில் மாட்யூலின் கெட் டேட்டா ஃபங்ஷன் இரண்டிலும் வேலை செய்யும். அதையே பயன்படுத்துங்கள். அது பைட்டாகத் தரும், நீங்கள் யூடிஎஃப்-8 என்று சொல்லி எழுத்தாக மாற்ற வேண்டும்.

அடிக்கடி மாறும் விலைப்பட்டியலை மூட்டைக்குள் வைக்கவே கூடாது என்பது எங்கள் திடமான கருத்து. வாழைத்தார் விலை நாளுக்கு நாள் மாறும். அண்ணாச்சி எக்ஸெலில் திறந்து திருத்தும்படி பிஒய்இசட் கோப்பின் பக்கத்தில் அது இருக்க வேண்டும். தரவுத்தளக் கோப்பும் அப்படியே. மூட்டைக்குள் எழுத முடியாது. 'சிஸ் ஆர்க்வி' பட்டியலின் முதல் உறுப்பு மூட்டையின் பாதை. அதன் தாய் ஃபோல்டரை எடுத்துக்கொண்டு விலை டாட் சிஎஸ்வியைத் திறக்கலாம்.

திறக்கும்போது என்கோடிங் சொல்லாமல் விட்டால் என்ன நடக்கிறது என்று உற்றுப் பாருங்கள். இங்கே பயன்படும் விண்டோஸ் பெரும்பாலும் சிபி1252 என்ற மேற்கத்திய எழுத்து அட்டவணையை இயல்பாக வைத்திருக்கும். 'அவல்' என்று கோப்பில் இருக்கிறது. அ, வ இரண்டும் குப்பை எழுத்தாக மாறினாலும் படிப்பு ஓடும். ல்-இன் மேல் இருக்கும் புள்ளி யூடிஎஃப்-8-இல் மூன்று பைட்டாக இருக்கும்: ஈ0, ஏஎஃப், 8டி. இந்த 8டி என்ற இடம் சிபி1252 அட்டவணையில் காலி. 'சார்மேப் கோடெக் கான்ட் டிகோட் பைட் 8டி' என்று நிரல் அங்கேயே நின்றுவிடும். புள்ளி வைத்த எழுத்து இல்லாமல் தமிழில் விலைப்பட்டியல் எழுதவே முடியாது. ஆகவே இந்த எரர் எல்லாக் கடையிலும் வரும். இது இம்போர்ட் எரர் இல்லை என்றாலும், மூட்டை கட்டிய பிறகுதான் முதன்முதலில் வெளிப்படும். லினக்ஸில் எழுதுகிறவருக்கு யூடிஎஃப்-8 இயல்பாகவே இருப்பதால் அது வரை தெரியாது.

ஓப்பன் செய்யும் இடத்திலெல்லாம் என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். கடைசியில் உள்ள 'சிக்' எக்ஸெலுக்காக. எக்ஸெல் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைக்கும். சாதாரண யூடிஎஃப்-8-ஆகப் படித்தால் முதல் தலைப்பு 'பொருள்' என்று தெரிந்தாலும் உண்மையில் வேறு சொல்லாக இருக்கும், கீ எரர் வரும்.

நேரம் காட்டும் நிரல்களுக்கு இன்னொரு சின்ன விஷயம். நேர மண்டலம் தரும் ஜோன்இன்ஃபோ மாட்யூலில் ஏசியா-கொல்கத்தா கேட்டால் லினக்ஸில் கிடைக்கும். விண்டோஸில் அந்தப் பட்டியலே கிடையாது. டிஇசட்டேட்டா பேக்கேஜை மூட்டையில் சேர்த்தால் தீர்ந்தது. அது தூய பைதான்.

எங்கே உதவாது

ஒரு பேக்கேஜ் தூய பைதானா என்று அறிய, பிப் இறக்கும்போது காட்டும் வீல் கோப்பின் (பேக்கேஜ் வரும் பொதியின்) பெயரின் வாலைப் பாருங்கள். 'நன்-எனி' என்று முடிந்தால் மூட்டைக்குள் போகலாம். 'வின்-ஏஎம்டி64' என்றோ லினக்ஸ் பெயரோடோ முடிந்தால் உள்ளே இயந்திர மொழிக் கோப்பு இருக்கிறது. அதை நினைவகத்தில் ஏற்றுவது இயங்குதளத்தின் வேலை. அதற்கு வட்டில் உண்மையான கோப்பு வேண்டும். ஜிப்புக்குள்ளிருந்து ஏற்றாது. ஓப்பன்பைஎக்ஸ்எல் தாராளமாக ஓடும். கணக்கீட்டுக்கான நம்பை, பாண்டாஸ், படம் வரையும் பில்லோ ஓடாது. பிடிஎஃப் உருவாக்கும் ரிப்போர்ட்லேப் போன்றவை பில்லோவைக் கேட்பதால் அவற்றையும் இங்கே நம்ப முடியாது.

தமிழ் பில்லின் கதை இங்கேதான் சிக்கலாகிறது. கடைகளில் இருக்கும் மலிவுவிலைத் தெர்மல் பிரின்டர்களின் உள்ளெழுத்தில் பெரும்பாலும் தமிழ் கிடையாது. தமிழில் அச்சிட வேண்டுமானால் பில்லைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். வரைய பில்லோ வேண்டும். தெர்மல் பிரின்டருக்குப் பலரும் எடுக்கும் பைதான்-எஸ்காப்பாஸ் பேக்கேஜும் பில்லோவையே நம்பியிருக்கிறது. ஆங்கில எழுத்தில் மட்டும் அச்சிட்டால் பைட்டுகளை நேரடியாகப் பிரின்டருக்கு எழுதி ஜிப்ஆப்பிலேயே முடித்துவிடலாம். தமிழ் என்றால் வேறு கருவிக்குப் போக வேண்டும்.

போகும்போது ஒன்று. பில்லோ தமிழைச் சரியாக வரைய ராக்ம் என்ற எழுத்தமைப்பு நூலகம் வேண்டும். இல்லாவிட்டால் 'கொத்தமல்லி'யில் ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும். பில்லோவின் ஃபீச்சர்ஸ் மாட்யூலில் 'செக் ராக்ம்' கேட்டால் உண்டா இல்லையா என்று சொல்லும். விண்டோஸில் ஃப்ரிபிடி என்ற டிஎல்எல் கோப்பும் கூட இருக்க வேண்டும்.

அந்த வேறு கருவிகளில், பைதான் ஏற்கெனவே இருக்கும் கணினிக்கு ஷிவ் நல்லது. லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவானது, தருவதும் அதே பிஒய்இசட்தான். முதல் ஓட்டத்தில் பேக்கேஜ்களைப் பயனரின் ஹோம் ஃபோல்டரில் ஷிவ் என்ற ஃபோல்டருக்குள் பிரித்து வைத்து அங்கிருந்து ஓடும். பில்லோவும் ஓடும். முதல்முறை மெதுவாகத் தொடங்கும், பிறகு வேகம் வந்துவிடும். குறை என்னவென்றால் ஒவ்வொரு புதிய கட்டும் ஒரு புதிய ஃபோல்டரை உண்டாக்கும், பழையதைத் தானாக அழிக்காது. சிறிய வட்டுள்ள கணினியில் அவ்வப்போது கையால் துடைக்க வேண்டும். மேலும், கட்டும் கணினியும் கடைக் கணினியும் ஒரே இயங்குதளமாக, ஒரே பைதான் பதிப்பாக இருக்க வேண்டும். 3.12-க்கு இறங்கிய பில்லோ 3.8-இல் ஏறாது.

பைதானே இல்லாத கணினிக்குப் பைஇன்ஸ்டாலர். இது உங்கள் இம்போர்ட்களைத் தானே படித்துச் சேர்க்கும். பெயரை ஓடும்போது உருவாக்கி இம்போர்ட் செய்தால் மட்டும் தவறவிடும். அப்போது 'ஹிடன்-இம்போர்ட்' என்று பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். தவறவிட்டதாகச் சந்தேகப்படும் பெயர்களை பில்ட் ஃபோல்டரில் 'வார்ன்' என்று தொடங்கும் உரைக்கோப்பில் எழுதி வைத்திருக்கும். பலர் அதைத் திறப்பதே இல்லை. விண்டோஸுக்கானதை விண்டோஸிலேயே கட்ட வேண்டும். 64 பிட்டில் கட்டியது 32 பிட் விண்டோஸில் ஓடாது. ஒற்றைக் கோப்பாகக் கட்டினால் ஒவ்வொரு முறையும் தற்காலிக ஃபோல்டரில் எல்லாவற்றையும் பிரித்துவிட்டுத்தான் தொடங்கும். சுழலும் வட்டுள்ள பழைய கணினியில் இது பொறுமையைச் சோதிக்கும். வைரஸ் தடுப்பு நிரல் தவறாகச் சந்தேகப்பட்டுப் பிடித்து வைப்பதும் ஒற்றைக் கோப்பில் அடிக்கடி நடக்கும். ஃபோல்டராகக் கட்டினால் இரண்டும் குறையும். இஎக்ஸ்இ கோப்பை ஜிமெயிலில் அனுப்ப முடியாது, பென் டிரைவ் கைவசம் இருக்கட்டும்.

கடையில் வைக்கும்போது

டபுள் கிளிக்கில் சன்னல் மறைந்தால் எரரைப் படிக்க முடியாது. பிஒய்இசட் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் சிஎம்டி என்று தட்டி என்டர் அடிக்கச் சொல்லுங்கள். வரும் கறுப்புச் சன்னலில் 'பை, பில் டாட் பிஒய்இசட்' என்று ஓட்டினால் எரர் அப்படியே நிற்கும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். அதன் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கும், கடைசி வரி படத்தில் விழுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சன்னலே வராத பிஒய்இசட்டபிள்யூ நீட்சியைச் சோதனை முழுக்க முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

லினக்ஸ் கணினிக்கு ஹைபன் பி கொடுத்துத் தலைவரி சேர்த்தால் ஜிப்ஆப்பே ஓட்டும் அனுமதியையும் வைத்துவிடும். பென் டிரைவ் வழியாகப் போனால் அந்த அனுமதி உதிர்ந்துவிடும். 'பைதான்3' என்று முன்னால் சேர்த்து ஓட்டினால் அனுமதி இல்லாமலே ஓடும்.

புதிய பதிப்பை மாற்றும்போது, பழைய நிரல் ஓடிக்கொண்டிருக்கையில் அதே பெயரில் மேலெழுதக் கூடாது. பைதான் ஜிப்பின் பொருளடக்கத்தைத் தொடக்கத்தில் ஒருமுறை படித்து நினைவில் வைத்திருக்கும். அதன் பிறகு கோப்பு மாறினால், அடுத்த இம்போர்ட் பழைய இடத்தில் போய்த் தேடி 'பேட் லோக்கல் ஃபைல் ஹெடர்' என்று விழும். புதிய கோப்பு கெட்டுப்போய் வந்துவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருப்போம், கோப்பு நன்றாகத்தான் இருக்கும். கோப்பை அனுப்பும்போதே கூட ஒரு வரியும் எழுதி அனுப்புங்கள்: 'அண்ணாச்சி, பில் சன்னலை மூடிட்டு, அப்புறம் இதைப் பழசு மேல போடுங்க.'